ஒரே லைப்ரரி, இரண்டு பதிப்பு: நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் படுத்துக்கொள்கிறது?

கல்லூரி லேபில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். சீனியர் ஒருவர் சில வருடம் முன்பு செய்து, மார்க்கும் வாங்கிப் போன புராஜெக்ட். அதை வாங்கிய ஜூனியர் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஓட்டுகிறார். திரை முழுக்கச் சிவப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி லேப்களில் மட்டுமல்ல, ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ் ஏறிப் போய் வேலை பார்க்கிறவர்கள் மேசையிலும் இதே கதைதான். முதலில் தன் மேலேயே சந்தேகம் வரும்: எதையோ தெரியாமல் மாற்றிவிட்டோமோ? பெரும்பாலும் மாறியது நிரல் இல்லை. நிரலுக்கு அடியில் இருக்கும் லைப்ரரி.

நம்பை என்ற பைத்தான் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு, படம், மெஷின் லேர்னிங் என்று எதைத் தொட்டாலும் அடியில் இது இருக்கும். அதில் தசம எண்ணைக் குறிக்க 'என்பி.ஃப்ளோட்' என்று எழுதுவது பழைய வழக்கம். 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பு, இந்தப் பெயரை விட்டுவிடுங்கள் என்று எச்சரித்தது. 2022 டிசம்பரில் வந்த 1.24, பெயரையே எடுத்துவிட்டது. சீனியருக்கு எச்சரிக்கையாகத் தெரிந்தது ஜூனியருக்குப் பிழையாக வந்து நிற்கிறது. 2024 ஜூனில் 2.0 வந்தபோது இன்னும் பெரிய அடி: பழைய நம்பையை நம்பி கம்பைல் செய்த வேறு பல லைப்ரரிகள், மறுபடி கம்பைல் செய்து வெளியிடும்வரை புதியதோடு ஓடவே இல்லை.

ஒரு லைப்ரரிக்குப் பல பதிப்புகள் இருப்பது நோய் அல்ல. பல பதிப்புகள் ஒரே பெயரில், ஒரே இடத்தில் வந்து மோதும்போதுதான் தகராறு. எந்தப் பதிப்பு என்று எழுதிவைக்காதபோது அந்தத் தகராறு மர்மமாகிவிடுகிறது.

பதிப்பு எண்ணைப் படிப்பது

பிறர் எழுதி, சோதித்து, நாம் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கும் நிரல் தொகுப்பே லைப்ரரி. நம் நிரல் ஒரு லைப்ரரியை நம்பியிருந்தால் அது நம் சார்பு. அந்த லைப்ரரி நம்பும் இன்னொன்று, நாம் பெயர்கூடக் கேள்விப்படாதது, மறைமுகச் சார்பு. நாம் கைப்பட எழுதிச் சேர்த்தது ஐந்து என்றால் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது ஐம்பதாக இருக்கும்.

பதிப்பு எண் வழக்கமாக 2.4.1 போல மூன்று பகுதி. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிவைத்த 'செமான்டிக் வெர்ஷனிங்' விதியின்படி, கடைசி எண் கூடினால் பிழைத் திருத்தம் மட்டும். நடு எண் கூடினால் புது வசதி வந்திருக்கிறது, பழையது கெடாது. முதல் எண் கூடினால் பழைய பழக்கம் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. முதல் எண் 0 என்றால் எந்த வாக்குறுதியும் கிடையாது, நாளைக்கே எல்லாம் மாறலாம்.

இது எழுதியவர் கொடுக்கும் வாக்கு. எந்த இயந்திரமும் சரிபார்த்துச் சான்று தருவதில்லை. நம்பையின் அந்தப் பெயர் போனது 1.23-க்கும் 1.24-க்கும் இடையில், அதாவது நடு எண் மாறியபோது. ஆகவே எண்ணைப் பார்ப்பது போதாது, கூட வரும் மாற்றக் குறிப்பையும் வாசிக்க வேண்டும். யாரும் வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஓசூர்ப் பத்திரத்தில் மூன்று மாவட்டம்

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பதிப்புச் சிக்கல் புதிதல்ல. ஓசூரில் ஒரே நிலத்துக்கான மூலப் பத்திரங்களை வரிசையாக அடுக்கினால் மூன்று மாவட்டப் பெயர் வரும். 1965 அக்டோபர் 2-க்கு முன் சேலம். பிறகு தர்மபுரி. 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. நிலம் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனாலும் பழைய பத்திரத்தில் சேலம் என்று இருப்பதைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. பத்திரத்தில் தேதி இருக்கிறது. தேதி இருப்பதால், எந்தக் காலத்துச் சேலம் மாவட்டத்தைச் சொல்கிறது என்பது தெளிவு.

நிரலில் நாம் என்ன செய்கிறோம்? 'நம்பை வேண்டும்' என்று மட்டும் எழுதுகிறோம். தேதி இல்லாத பத்திரம்.

வண்டி எண்ணையும் பாருங்கள். மாவட்டம் பிரிந்தபின் கிருஷ்ணகிரிக்கு டிஎன் 24, ஓசூருக்கு டிஎன் 70. தர்மபுரியின் டிஎன் 29 தர்மபுரியிடமே இருக்கிறது. கிருஷ்ணகிரி ஆர்டிஓவுக்கும் 29 என்றே எண் கொடுத்திருந்தால் எத்தனை வண்டி ஒரே எண்ணில் திரிந்திருக்கும்! சில லைப்ரரிகளும் இப்படி, புதியதற்குப் புதுப் பெயரே வைத்துவிடும் வழியைப் பிடித்தன. அமேசான் கிளவுடுக்கான பழைய பைத்தான் லைப்ரரியின் பெயர் 'போட்டோ' (boto). உடைத்துப் புதிதாக எழுதியபோது போட்டோ3 என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். இரண்டையும் ஒரே நிரலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாகப் புதியதற்கு மாறலாம். கோ மொழி இதை விதியாகவே ஆக்கிவிட்டது: முதல் எண் 2 ஆனால் லைப்ரரியின் முகவரியிலேயே 'வி2' என்று சேர்க்க வேண்டும்.

மோதல் எப்படி வருகிறது

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். எடைமேடையிலிருந்து எடையைப் படிக்கும் சின்ன லைப்ரரி ஒன்றைக் கிருஷ்ணகிரியில் ஒரு குழு எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் 'எடை'. அதைப் பயன்படுத்துவோர் இருவர்: லாரி லாரியாக மாங்காய் வாங்கும் கூழ் ஆலை ஒன்று, பெட்டி பெட்டியாகத் தக்காளி நிறுக்கும் பாலக்கோடு மண்டி ஒன்று. 1.x பதிப்புகள் எடையைக் கிலோவில் தருகின்றன. மண்டிக்குக் கிலோவுக்கும் கீழே துல்லியம் வேண்டும் என்பதால் 2.0 கிராமில் தருகிறது.

இப்போது கூழ் ஆலையின் நிரல் எடை 2.0-ஐ நேரடியாகக் கேட்கிறது. அதே நிரல், ரசீது அச்சிட 'ரசீது' என்ற இன்னொரு லைப்ரரியை வைத்திருக்கிறது. ரசீதோ எடை 1.x-ஐ நம்பி எழுதப்பட்டது. ஆலை நிரலிலிருந்து இரண்டு பாதை கிளம்பி ஒரே லைப்ரரியில் போய் முடிகிறது, இரண்டும் வேறு வேறு பதிப்பைக் கேட்கின்றன. படம் வரைந்தால் சாய்சதுரமாக வரும். அதனால் இதை வைரச் சார்பு என்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் நீக்கப்பட்டால் நிரல் நின்றுவிடும், உடனே தெரியும். பெயர் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறினால் நிரல் நிற்காது. ஐந்து டன் லாரி ரசீதில் ஐயாயிரம் டன் ஆகும், அல்லது நேர்மாறாக ஐந்து கிலோ ஆகும். சிவப்பு எழுத்து எதுவும் வராது. ஐயாயிரம் டன் என்றால் யாராவது சிரித்துவிட்டுக் கண்டுபிடிப்பார்கள். வித்தியாசம் பத்து சதவீதமாக இருந்திருந்தால் சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். நின்றுபோகும் பிழையைவிட ஓடிக்கொண்டே இருக்கும் பிழை மோசம்.

மொழிக்கு மொழி வேறு நியாயம்

இந்த வைரத்தை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகத் தீர்க்கிறது. வேறு மொழிக்காரர் சொல்லும் தீர்வு நமக்குப் பலிக்காமல் போவதும் இதனால்தான்.

பைத்தானில் ஒரு நிரல் ஓடும்போது ஒரு பெயருக்கு ஒரே பதிப்புதான் நினைவகத்தில் இருக்க முடியும். லைப்ரரிகளை இறக்கி நிறுவும் பிப் கருவி 2020 நவம்பரில் வந்த 20.3 வரை, முதலில் கண்ணில் பட்ட தேவையை வைத்து ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுப் போய்விடும், மற்றவருக்கு அது ஒத்துவராவிட்டாலும் சரி. அதற்குப்பின் வந்த தீர்வி, எல்லோருக்கும் பொருந்தும் பதிப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் முடியாது என்று நிறுத்தும். 'முன்பெல்லாம் போட்டது, இப்போது பிப் தகராறு செய்கிறது' என்று புலம்புகிறவர்கள் உண்டு. தகராறு முன்பும் இருந்தது, பிப் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் உலகில், பிப் போன்ற கருவியான என்பிஎம், ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகளையும் வேறு வேறு ஃபோல்டரில் வைத்து, கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிடும். வசதிதான். ஆனால் ஒரு பதிப்பு உண்டாக்கிய பொருளை இன்னொரு பதிப்பிடம் நீட்டினால் சிக்கல் தொடங்குகிறது. இணையப் பக்கம் கட்டும் ரியாக்ட் லைப்ரரி இரண்டு பிரதி உள்ளே வந்துவிட்டால் 'ஹூக்' பிழை வருவது இதற்குப் பேர்போன உதாரணம். நம் எடை லைப்ரரியும் இங்கே இருந்தால் ரசீதுக்குக் கிலோ, ஆலை நிரலுக்குக் கிராம் என்று இரண்டும் சமாதானமாக ஓடும், நடுவில் எண்ணைக் கைமாற்றும் இடத்தில் கணக்கு உதைக்கும்.

ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் மேவன், சார்பு மரத்தில் நமக்கு நெருக்கமாக இருக்கும் பதிப்பை எடுத்துக்கொள்ளும். புதியதா பழையதா என்று பார்ப்பதில்லை. ரஸ்ட் மொழியின் கார்கோ, முதல் எண் ஒரே மாதிரி இருந்தால் முடிந்தவரை ஒரே பதிப்பில் சேர்த்துவிடும், முதல் எண் வேறானால் இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அறை

இரண்டு புராஜெக்ட் ஒரே கணினியில் இருப்பதால் வரும் மோதலுக்குத் தீர்வு எளிது: தனித்தனி இடம். பைத்தான் 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே விர்ச்சுவல் என்விரான்மென்ட் வசதியைக் கையோடு தருகிறது. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒன்றை உண்டாக்கி, அதை ஆக்டிவேட் செய்தபின் போடும் லைப்ரரிகள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். கெட்டுப்போனால் ஃபோல்டரை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

லேப்களில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றியபின் பிப் ஓட்டினால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று ஒரு பிழை வரும். பலர் மிரள்வது இதற்குத்தான். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் சில பைத்தானில் எழுதப்பட்டவை. அவை நம்பியிருக்கும் பதிப்பை நீங்கள் மேலெழுதிவிடக் கூடாது என்று பூட்டு போட்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் பூட்டை உடைக்கும் ஆப்ஷன் ஒன்று கிடைக்கும். சிஸ்டத்தின் பேக்கேஜ்களை உடை என்பதுதான் அதன் பெயருக்கே பொருள். பெயரிலேயே சொன்னபிறகும் போடுகிறவர்களை என்ன சொல்ல? விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டால் அந்தப் பிழையே வராது.

பைத்தானின் பதிப்பே வேறாக வேண்டுமானால் பைஎன்வ், யூவி போன்ற கருவிகள் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் அளவில் இருக்கும் லைப்ரரியும் மாற வேண்டுமானால், உதாரணமாக, தகவலை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.1-ஐக் கேட்கும் பழைய மென்பொருளை 3 மட்டும் இருக்கும் உபுண்டு 22.04-இல் ஓட்ட வேண்டுமானால், நிரலையும் அது கேட்கும் லைப்ரரிகளையும் ஒரே பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கர் போன்ற கண்டெய்னர்தான் சுத்தமான வழி.

பத்திரத்தில் தேதி போடுவது

தனி அறை மோதலைத் தடுக்கும். ஆனால் மறுபடி அதே அறையைக் கட்ட, உள்ளே என்னென்ன இருந்தது என்ற பட்டியல் வேண்டும். அதுதான் லாக் கோப்பு. மறைமுகச் சார்புகள் உட்பட ஒவ்வொன்றின் சரியான பதிப்பும், பெரும்பாலும் அதன் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணும் அதில் இருக்கும். என்பிஎம், கார்கோ, யூவி எல்லாம் தாமே எழுதிவிடும். வெறும் பிப் மட்டும் வைத்திருப்பவர்கள் 'பிப் ஃப்ரீஸ்' வெளியீட்டை ஒரு கோப்பில் சேமிக்கலாம், ஹேஷ் இருக்காது என்றாலும் தேதி போட்ட பத்திரம்தான். அந்தக் கோப்பை நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் கருவியில் ஏற்ற வேண்டும். ஜூனியருக்குச் சீனியர் கொடுத்திருக்க வேண்டியது இதைத்தான்.

லைப்ரரி எழுதுபவருக்கு விதி வேறு. ரசீது லைப்ரரி 'எடை 1.4.2 மட்டும்' என்று இறுக்கிக் கேட்டால், அதைப் பயன்படுத்தும் எல்லோரும் அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். '1.4-க்கு மேல், 2-க்குக் கீழ்' என்று வீச்சாகக் கேட்பது நியாயம். இறுக்கிப் பூட்டும் உரிமை கடைசியில் ஓடும் நிரலுக்கு, இங்கே கூழ் ஆலைக்கு.

லாக் கோப்பும் ஒன்றைச் செய்ய முடியாது: இல்லாமல் போனதைக் கொண்டுவர முடியாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி லைப்ரரியை எழுதியவர், பெயர்த் தகராறு ஒன்றில் கோபித்துக்கொண்டு என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதை மறைமுகமாக நம்பியிருந்த பெரிய பெரிய புராஜெக்ட்கள் எல்லாம் பில்ட் ஆகாமல் நின்றன. என்பிஎம் நிறுவனம் அதைத் தானே திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. ஆகவே பட்டியலோடு சரக்கின் ஒரு பிரதியும் கையில் இருப்பது நல்லது. நெட் மெதுவான லேபுக்கும் இது உதவும்: ஒரு கணினியில் 'பிப் டவுன்லோட்' கொண்டு எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென் டிரைவில் எடுத்துப்போய் மற்றவற்றில் நெட் இல்லாமலே போடலாம். எல்லாவற்றிலும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டமும் ஒரே பைத்தான் பதிப்பும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருந்தாது.

லைப்ரரியை எழுதுபவர் நீங்களானால்

இனி எடை லைப்ரரிக் குழுவின் பக்கம் வருவோம். 2.0 எழுதிக்கொண்டிருக்கும்போது 1.x-இல் பிழை என்று ஆலையிலிருந்து போன் வருகிறது. சீசன் உச்சம், ஆலையை 2.0-க்கு மாறச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

1. கிட்டில் 1.x-க்குத் தனிக் கிளை, அதாவது தனியாக வளரும் பிரதி, 2.0 முதன்மைக் கிளையில். கிளை மாற மாற ஃபோல்டரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2015-இல் கிட் 2.5-இல் வந்த 'ஒர்க்ட்ரீ' வசதியால் இரண்டு கிளைகளையும் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில் ஒரே சமயம் திறந்துவைக்கலாம்.

2. இரண்டிலும் இருக்கும் பிழையை முதலில் 2.0-இல் திருத்தி, பிறகு அந்தத் திருத்தத்தை மட்டும் 1.x-க்குக் கொண்டுபோங்கள். தலைகீழாகச் செய்தால், 1.x-இல் அவசரத்துக்குத் திருத்தியது 2.0-க்கு வராமல் மறந்துபோய், ஆறு மாதம் கழித்து அதே பிழை புது வேஷத்தில் திரும்பும்.

3. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதில் லைப்ரரியை எடிட்டபிள் முறையில் நிறுவுதல். நிரலைத் திருத்திய கையோடு சோதித்துப் பார்க்கலாம். இங்கே எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி உண்டு: 2.0-ஐத் திருத்திவிட்டு 1.x-ஐச் சோதித்துக்கொண்டிருப்பது. என்ன மாற்றினாலும் விளைவு மாறவில்லை என்றால், லைப்ரரி எந்தக் கோப்பிலிருந்து ஏறியிருக்கிறது என்பதை முதலில் அச்சிட்டுப் பாருங்கள்.

4. பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றாதீர்கள். 'எடை_படி' என்ற பெயரில் கிலோ தந்ததைக் கிராமாக்குவதைவிட, 'எடை_கிராம்' என்று புதிதாக ஒன்று சேர்த்து, பழையதற்கு எச்சரிக்கை போட்டு, சில பதிப்பு கழித்து நீக்குவது பாதுகாப்பு. சேர்ப்பது மட்டும் என்றால் 1.5 போதும், அன்றைக்கே 2.0 தேவைப்பட்டிருக்காது. உடைக்கும் மாற்றங்களில் பாதி, அவசரத்தில் செய்த பெயர்ச் சிக்கனம்.

5. வெளியிட்ட எண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். 1.4.3-இல் தவறு இருந்தால் அடுத்து 1.4.4. ஒரே எண்ணில் இரண்டு சரக்கு இருந்தால் மேலே சொன்ன லாக் கோப்பு வெறும் காகிதம். பைத்தானின் பொதுக் கிடங்கான பைபிஐ, ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை மறுபடி ஏற்றவே விடாது.

எப்போதும் புதியதுதான் பாதுகாப்பா?

2021 டிசம்பரில் நிரலின் நடவடிக்கைகளைப் பதிவுசெய்யும் ஜாவாவின் லாக்4ஜே லைப்ரரியில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. 2.15.0 வந்தது, போதவில்லை. 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதத்துக்குள்ளேயே தொடர்ந்து வந்தன. அப்போது நிறுவனங்களை அதிகம் திணறடித்தது, எங்கள் மென்பொருளில் லாக்4ஜே இருக்கிறதா, இருந்தால் எந்தப் பதிப்பு என்ற கேள்வி. நேரடியாகச் சேர்க்காமல் மறைமுகச் சார்பாக உள்ளே வந்திருந்த இடங்கள் அத்தனை. பதிப்புப் பட்டியல் வைத்திருந்தவர்கள் தேடிப் பார்த்துச் சொன்னார்கள்.

2024 மார்ச்சில் நேர்மாறான சம்பவம். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தார்கள். ரிமோட் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் துருவிக் கண்டுபிடித்தார். மாட்டிக்கொண்டவை புதுப் பதிப்பை உடனே எடுத்த சோதனை வெளியீடுகள். பழைய பதிப்பிலேயே இருந்த, டெபியன் என்ற லினக்ஸின் நிலையான வெளியீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் ஆபத்து. பாதுகாப்புத் திருத்தத்தை உடனே எடுப்பது, மற்றவற்றை மாதம் ஒருமுறையோ சீசனுக்கு ஒருமுறையோ நாள் குறித்து, சோதனையோடு எடுப்பது என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். முதல் எண் மாறும் பதிப்பைத் தள்ளிப்போடலாம், ஆனால் வட்டி ஏறும்.

எவ்வளவு காலம் தள்ளிப்போட முடியும் என்பது பழைய பதிப்பின் ஆயுளைப் பொறுத்தது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-ஐ 2015-இல் நிறுத்துவதாக முதலில் சொன்னார்கள். மாற முடியாதவர்கள் அத்தனை பேர் இருந்ததால் 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். எடை 1.x-க்கும் இப்படி ஒரு தேதி வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். மாங்காய் ஓடும் மாதங்களில் அந்தத் தேதி விழக் கூடாது. கூழ் ஆலைக்குச் சீசன் முடிந்து இயந்திரங்களைக் கழுவிவைத்த பிறகு மாற்றினால் போதும். தக்காளி மண்டிக்கு ஓய்வுக்காலம் கிடையாது, தினமும் வரத்து உண்டு. அங்கே ஒரு வாரம் 1.x, 2.0 இரண்டையும் தனித்தனி என்விரான்மென்டில் ஓட்டி, ஒரே எடைமேடை எண்களை இரண்டுக்கும் கொடுத்து, இரவில் ரசீதுகளை ஒப்பிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் 2.0 தந்த கிராமை ஆயிரத்தால் வகுத்துக் கிலோவுக்கு முழுமையாக்கினால் 1.x ரசீதில் இருக்கும் எண் வர வேண்டும். ஒரு பெட்டியில் வராவிட்டாலும் மறுநாள் காலை ஏலத்துக்குப் பழைய பதிப்பே ஓடட்டும்.